பழைய சுமையுந்து எஞ்சின் வெற்றோட்டத்தில் சூடேறுதல்

வெற்றோட்டச் சூடேற்றம் என்பது, வண்டி நின்றிருக்க எஞ்சின் மட்டும் குறைந்த வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும்போது, அதன் கூலண்ட் நீரின் வெப்பநிலை இயல்பான அளவைத் தாண்டி உயரும் பழுதைக் குறிக்கும். எஞ்சின் இவ்வாறு சுமையின்றிச் சுழலும் நிலை வெற்றோட்டம் (பட்டறை வழக்கில் ஐடிலிங்) எனப்படும். நெடுஞ்சாலையில் குறையின்றி ஓடும் வண்டி, போக்குவரத்து விளக்கில் சில நிமிடங்கள் நின்றவுடன் வெப்பமானியின் முள்ளைச் சிவப்புப் பகுதிக்கு ஏற்றுவதும், மீண்டும் ஓடத் தொடங்கியதும் முள் தானாக இறங்குவதும் இப்பழுதின் அடையாளங்களாகும்.

இப்பழுதைக் கண்ட உரிமையாளர்கள் பெரும்பாலும் முதலில் மாற்றுவது ரேடியேட்டரை. அடுத்து வாட்டர் பம்பை. அதன் பின் தெர்மோஸ்டாட்டை. பெருஞ்செலவுக்குப் பின்னும் முள் முன்போலவே ஏறுகிறது. ஓடும்போது குளிர்ந்திருக்கும் வண்டியின் ரேடியேட்டர், வெற்றோட்டத்தில் தோன்றும் வெப்பத்தைப் போல் பல மடங்கு வெப்பத்தை ஏற்கெனவே வெளியேற்றிக் காட்டிவிட்டது என்பது இவ்விடத்தில் கவனிக்கப்படாமல் போகிறது. பழுது காணும் முறை இந்த ஒரு செய்தியிலிருந்தே தொடங்க வேண்டும்.

வண்டியும் எஞ்சினும்

இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது, அமெரிக்காவில் 1973 முதல் 1987 வரையிலான மாதிரி ஆண்டுகளில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் விற்ற செவ்ரோலே சி/கே வரிசைப் பிக்கப் சுமையுந்து ஆகும். இவற்றுள் சி என்பது பின்சக்கரங்களால் மட்டும் இயங்குவது. கே என்பது நான்கு சக்கரங்களாலும் இயங்குவது. இவற்றில் பரவலாகப் பொருத்தப்பட்ட எஞ்சின்களுள் ஒன்று, 350 கன அங்குலக் (5.7 லிட்டர்) கொள்ளளவுடைய வி8 பெட்ரோல் எஞ்சின். 1955இல் அறிமுகமான 'ஸ்மால் பிளாக்' குடும்பத்தைச் சேர்ந்த இதன் 350 கன அங்குல வடிவம் 1967ஆம் மாதிரி ஆண்டில் வெளிவந்தது.

இவ்வண்டியின் குளிர்விப்பு அமைப்பு எளியது. கிராங்க் தண்டிலிருந்து ஒரு பெல்ட் வாட்டர் பம்பைச் சுழற்றுகிறது. அதே பம்பின் தண்டில்தான் விசிறியும் பூட்டப்பட்டிருக்கிறது. ஆகவே எஞ்சின் வேகம் குறையும்போது நீரோட்டமும் காற்றோட்டமும் ஒருசேரக் குறைகின்றன. தற்காலத் தானுந்துகள் பலவற்றில் உள்ள மின்விசிறி, எஞ்சின் வேகம் எதுவாயினும் தன் முழு வேகத்தில் சுழல வல்லது. பழைய சுமையுந்தின் விசிறிக்கு அவ்வசதி இல்லை. வெற்றோட்டச் சூடேற்றம் பழைய வண்டிகளின் நோயாக அறியப்படுவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

இன்னொரு காரணம் வயது. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கடந்த ஒரு சுமையுந்தில் தொழிற்சாலையில் பூட்டிய உறுப்புகள் எல்லாம் அப்படியே இருப்பது அரிது. எஞ்சின் ஒரு ஆண்டினது, பம்ப் இன்னொரு ஆண்டினது, விசிறி எங்கிருந்தோ வந்தது என்ற நிலை வழக்கமானது. உறுப்புகள் தனித்தனியே பழுதற்றவையாக இருந்தும், ஒன்றோடொன்று பொருந்தாமல் இருப்பதே சில வண்டிகளின் முழுப் பழுதும் ஆகும்.

வெற்றோட்டத்தில் எழும் வெப்பம்

ஒரு சிறு கணக்கு நிலைமையைத் தெளிவாக்கும். இத்தகைய வி8 எஞ்சின் வெற்றோட்டத்தில் மணிக்கு 2.5 லிட்டர் பெட்ரோல் எரிக்கிறது என்று கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாசூல் ஆற்றல் உள்ளது. எனவே எரியும் ஆற்றல் மணிக்கு 80 மெகாசூல், அதாவது சுமார் 22 கிலோவாட். இதில் மூன்றில் ஒரு பங்கு கூலண்டைச் சேர்கிறது எனில், ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டியது ஏறத்தாழ 7 கிலோவாட். ரேடியேட்டரைக் கடக்கும் காற்று 30 பாகை செல்சியசு சூடேறுமாயின், இவ்வெப்பத்தைக் கொண்டுசெல்ல நொடிக்கு சுமார் 0.2 கன மீட்டர் காற்று போதும்.

இது பெரிய அளவன்று. மேட்டில் சுமை இழுக்கும்போது இதே ரேடியேட்டர் இதைப் போல் பல மடங்கு வெப்பத்தை வெளியேற்றுகிறது. அப்போது முன்னோக்கி ஓடும் வேகமே காற்றை உள்ளே தள்ளுகிறது. நின்ற வண்டியில் அவ்வுதவி இல்லை, நொடிக்கு 0.2 கன மீட்டர் காற்றையும் விசிறி ஒன்றே இழுத்தாக வேண்டும். அது இழுக்கவில்லையெனில், ரேடியேட்டர் எவ்வளவு பெரிதாயினும் பயன் சிறிதே.

எது இயல்பு, எது மிகை

அமெரிக்க வண்டிகளின் வெப்பமானிகள் பாரன்ஃகைட் அளவில் குறிக்கப்பட்டவை. இவ்வெஞ்சினில் பொதுவாகப் பொருத்தப்படும் தெர்மோஸ்டாட் 195 பாகை பாரன்ஃகைட்டில், அதாவது 91 பாகை செல்சியசில் திறக்கத் தொடங்கும். எனவே கோடைக்கால நெரிசலில் முள் 99 பாகை செல்சியசு (210 பாகை பாரன்ஃகைட்) வரை ஏறி அங்கேயே நிற்பது பழுதன்று. நிற்காமல் ஏறிக்கொண்டே போவதும், 110 பாகை செல்சியசைத் (230 பாகை பாரன்ஃகைட்) தாண்டுவதும் கவலைக்குரியவை. எஞ்சினை நிறுத்திய பின் சில நிமிடங்களுக்கு வெப்பநிலை சற்று உயர்வதும் இயல்பே. பம்ப் நின்றுவிட்டதால், வார்ப்பிரும்பில் தேங்கிய சூடு அசையாத நீருக்கு மாறுவதனால் அவ்வாறு நிகழ்கிறது.

ரேடியேட்டர் மூடி இங்கு முக்கியமானது. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி, தூய நீரின் கொதிநிலையை 100 பாகையிலிருந்து ஏறத்தாழ 121 பாகை செல்சியசுக்கு உயர்த்துகிறது. நீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதி கலந்த கூலண்ட் அதே அழுத்தத்தில் ஏறத்தாழ 129 பாகையில்தான் கொதிக்கும். மூடியின் சுருள்வில் தளர்ந்துவிட்டால் இப்பாதுகாப்பு மறைந்து, இயல்பான வெப்பநிலையிலேயே கூலண்ட் பொங்கி வழியும். இதையே பலர் எஞ்சின் சூடேறியதாக எடுத்துக்கொள்கின்றனர். சூடான நிலையில் மூடியைத் திறத்தல் கூடாது. அழுத்தம் நீங்கிய கணத்திலேயே உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகச் செய்யும்.

முள் உண்மை சொல்கிறதா என்பதையும் உறுதி செய்ய வேண்டும். இவ்வண்டியின் வெப்ப உணரி ஒற்றைக் கம்பி உடையது. மின்சுற்றின் மறுபாதி எஞ்சினின் உலோகமே. உணரியின் கம்பி தோல் உரிந்து எங்கேனும் உலோகத்தைத் தொட்டால் முள் உச்சிக்குப் போய்விடும். உணரியின் மரையில் ஒட்டுநாடாவை மிகுதியாகச் சுற்றிவிட்டால், மாறாக, உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். ஆகவே அகச்சிவப்பு வெப்பமானியால் தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் நேரடியாக அளந்து ஒப்பிடுவது நன்று. பளபளப்பான அலுமினியப் பரப்பில் இக்கருவி குறைத்துக் காட்டும் என்பதால், அளக்கும் இடத்தில் மங்கிய கறுப்பு வண்ணத்தைச் சிறிது பூசிக்கொள்வது வழக்கம். ஓர் உணரியின் விலையில் முடிய வேண்டிய பழுது ஒரு ரேடியேட்டரின் விலைக்குப் போவது இந்தச் சிறு ஒப்பீட்டைச் செய்யாததனால்தான்.

பழுதின் வகையை அறிதல்

எப்போது சூடேறுகிறது என்ற வினா, எந்த உறுப்பு பழுது என்ற வினாவுக்கு முந்தியது.

நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடும்போது குளிர்ந்தால், ஐயம் காற்றோட்டத்தின் மீதும் தீப்பொறி நேரத்தின் மீதும் விழ வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறி, நிற்கும்போது குளிர்ந்தால், அடைபட்ட ரேடியேட்டர் குழாய்கள், உறிஞ்சலால் ஒட்டிக்கொள்ளும் கீழ்க்குழாய் போன்றவற்றை நோக்க வேண்டும். எந்நிலையிலும் சூடேறினால் கூலண்ட் குறைவு, திறவாத தெர்மோஸ்டாட், கசியும் ஹெட் கேஸ்கட் ஆகியவை முன்னிற்கும். இவ்வகைப்பாடு முற்றிலும் இறுக்கமானதன்று. பாதி அடைபட்ட ரேடியேட்டரும் தளர்ந்த விசிறியும் ஒரே வண்டியில் இருக்கலாம். எனினும் தேடலை எங்கே தொடங்குவது என்பதை இது பெரும்பாலும் சரியாகவே காட்டும்.

முதல் வகையைச் சேர்ந்தது என்று தெரிந்தபின், கருவியே வேண்டாத ஒரு சோதனை உண்டு. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, வெற்றோட்டத்தில் முள் ஏறும்வரை காத்திருந்து, பெரிய வீட்டு மின்விசிறி ஒன்றை முன்புறக் கம்பித் தடுப்புக்கு எதிரே வைத்து முழு வேகத்தில் ஓடவிட வேண்டும். சில நிமிடங்களில் முள் தெளிவாக இறங்கினால், குறை காற்றோட்டத்தில் உள்ளது. சற்றும் இறங்காவிட்டால் வேறிடத்தில் தேட வேண்டும்.

இதற்கு மாறாக, நின்ற நிலையில் ஆக்சிலரேட்டரை மிதித்து எஞ்சின் வேகத்தை நிமிடத்துக்கு 1500 சுற்றுக்கு உயர்த்திப் பார்ப்பதே பலர் செய்வது. முள் இறங்கவும் செய்யும். ஆனால் அதிலிருந்து அறியத்தக்கது குறைவு. வேகம் கூடும்போது விசிறியும் பம்பும் வேகமாகச் சுழல்கின்றன, தீப்பொறி நேரமும் முந்துகிறது. மூன்றில் எது குளிர்வித்தது என்று பிரித்தறிய வழியில்லை. ஒரு சோதனையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். வீட்டு மின்விசிறி காற்றை மட்டும் மாற்றுகிறது.

தானியங்கிக் கியர்ப்பெட்டி உள்ள வண்டியில் இன்னொன்றும் எளிதாகப் பார்க்கலாம். ஓட்டுநிலையில் கியரை வைத்து பிரேக்கை மிதித்து நிற்கும்போது, டார்க் கன்வர்ட்டரில் உள்ள எண்ணெய் கலக்கப்பட்டுச் சூடேறுகிறது. அவ்வெண்ணெயும் ரேடியேட்டரின் தொட்டிக்குள் உள்ள சிறு குழாய் வழியாகவே குளிர்கிறது. கியரை நடுநிலைக்கு மாற்றியவுடன் முள் இறங்கத் தொடங்கினால், அமைப்பு தன் எல்லையின் விளிம்பில் இயங்குகிறது என்று பொருள். குளிர்சாதனத்தை நிறுத்திப் பார்ப்பதும் இதே தன்மையது. அதன் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னே நின்று, வரும் காற்றை முன்கூட்டியே சூடாக்குகிறது.

காற்றோட்டம்

சி/கே வண்டிகள் பலவற்றில் விசிறி, பம்பின் தண்டோடு நேரடியாக இணைக்கப்படாமல், இடையில் ஒரு விசிறிக் கிளட்சின் வழியாக இணைக்கப்பட்டிருக்கும். இதனுள் பிசுபிசுப்பான சிலிக்கோன் எண்ணெய் உள்ளது. முன்முகத்தில் கடிகாரச் சுருள்போன்ற ஈருலோகப் பட்டை ஒன்று உண்டு. ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடாகும்போது இப்பட்டை முறுக்கி, உள்ளே ஒரு வால்வைத் திறக்கும். எண்ணெய் இயங்கறைக்குள் பாய்ந்து, விசிறியைத் தண்டோடு இறுகப் பிணைக்கும். காற்று குளிர்ந்தால் எண்ணெய் திரும்பிச் சென்று விசிறி தளரும். தேவையற்றபோது விசிறி எஞ்சினின் ஆற்றலைத் தின்னாதிருக்கவும் இரைச்சலைக் குறைக்கவும் செய்யப்பட்ட ஏற்பாடு இது.

ஆண்டுகள் செல்லச்செல்ல இவ்வெண்ணெய் கசிந்துவிடுகிறது. கிளட்சின் நடுவிலிருந்து ஆரம்போல் வெளிநோக்கிப் படிந்த கறுத்த எண்ணெய்க் கறை இதன் அறிகுறி. நலமான கிளட்ச், இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் இயக்கும்போது முதல் ஒன்றிரண்டு நிமிடம் விசிறியை இரைச்சலோடு சுழற்றி, பின் அமைதியாகும். எண்ணெய் இரவில் இயங்கறையில் தேங்கியிருப்பதே காரணம். அந்தக் காலை இரைச்சல் என்றுமே கேட்பதில்லை எனில் ஐயப்பட இடமுண்டு. எஞ்சின் நன்கு சூடாக இருக்கும்போது அதை நிறுத்திவிட்டுப் பார்த்தால், நலமான விசிறி எஞ்சினோடு சேர்ந்தே விரைவில் நிற்கும். அது காற்றாடிபோல் தன்போக்கில் பல சுற்று சுழன்றால் பிணைப்பு இல்லை. எஞ்சின் நின்ற பின், சூடான நிலையில் கையால் சுழற்றினால் தெளிவான எதிர்ப்பு தெரிய வேண்டும். ஓடும் விசிறியைச் சுருட்டிய நாளிதழால் தடுத்துப் பார்க்கும் பழைய பட்டறை வழக்கம் ஆபத்தானது, தவிர்க்க வேண்டியது.

கிளட்ச் நலமாயிருந்தும் காற்று வராதிருக்கலாம். விசிறியைச் சூழ்ந்து ரேடியேட்டரோடு பொருந்தியிருக்கும் உறை (ஃபேன் ஷ்ரவுட்) இல்லாமையே இதற்குத் தலையாய காரணம். உறை இல்லாத விசிறி ரேடியேட்டரின் முழுப்பரப்பிலிருந்தும் காற்றை இழுப்பதில்லை. தன் இலைகளுக்கு நேர் எதிரே உள்ள வட்டத்திலிருந்து மட்டுமே இழுக்கிறது. அதிலும் ஒரு பகுதி, இலைமுனைகளைச் சுற்றி முன்புறம் திரும்பிவரும் சூடான காற்றே. ஓடும் வண்டியில் இக்குறை வெளியே தெரியாது. எஞ்சினைக் கழற்றிப் பூட்டியபோது இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றி வைக்கப்பட்ட உறை, பின் எப்போதும் திரும்பப் பூட்டப்படாமல் போவது பழைய வண்டிகளில் அடிக்கடி காணக்கூடியது. உறை இருந்தால், விசிறி இலையின் அகலத்தில் ஏறத்தாழப் பாதி உறைக்குள்ளும் பாதி வெளியிலும் இருப்பது நல்ல அமைவு. இலைமுனைக்கும் உறைக்கும் இடையிலுள்ள வெளி சுமார் 2.5 செ.மீ.க்கு மேற்படலாகாது. ரேடியேட்டரின் ஓரங்களில் இருந்த நுரைப்பட்டைகளும் இரப்பர்த் தகடுகளும் காணாமற்போயிருந்தால், காற்று ரேடியேட்டரைக் கடக்காமல் பக்கவாட்டில் நழுவும்.

விசிறியின் சுழற்சித் திசையும் நோக்கத்தக்கது. 1980களின் பிற்பகுதியில் பல எஞ்சின்கள் ஆங்கில வி வடிவப் பெல்ட்டுகளிலிருந்து ஒற்றைத் தட்டைப் பெல்ட்டுக்கு மாறின. அப்பெல்ட்டின் பின்முதுகு பம்பைச் சுழற்றும் அமைப்புகளில் பம்ப் எதிர்த்திசையில் சுழலும். ஆகவே ஒரு காலத்து விசிறியோ பம்போ மற்றொரு காலத்து எஞ்சினில் பூட்டப்பட்டால், விசிறி காற்றைப் பின்னிழுப்பதற்கு மாறாக முன்தள்ளும். பம்பின் சிறகுகளும் தம் வேலையைச் சரிவரச் செய்யா. விசிறியை முன்பின்னாகத் திருப்பிப் பூட்டினால் மட்டும் காற்றின் திசை மாறுவதில்லை, திறன் மட்டுமே குறைகிறது என்பதையும் இங்குக் குறிப்பிடலாம். ரேடியேட்டரின் முன்முகத்தில் ஒரு தாளை வைத்துப் பார்த்தால் போதும்: வெற்றோட்டத்தில் அது உள்நோக்கி ஒட்டிக்கொள்ள வேண்டும்.

தீப்பொறி நேரம்

காற்றோட்டம் சரியாக இருந்தும் நின்ற வண்டி சூடேறினால், அடுத்து நோக்க வேண்டியது குளிர்விப்பு அமைப்பே அன்று. டிஸ்ட்ரிபியூட்டர் ஆகும். பலரும் எதிர்பாராத இடம் இது.

பெட்ரோல் கலவை தீப்பற்றி முழுதும் எரியச் சிறிது நேரம் பிடிக்கும். எனவே பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சில பாகைகள் முன்பே தீப்பொறி தரப்படுகிறது. வெற்றோட்டத்தில் கார்புரேட்டரின் கதவு ஏறக்குறைய மூடியிருப்பதால் சிலிண்டருக்குள் வரும் கலவை அடர்த்தியற்றது. முன்சுற்றின் எரிந்த வாயுவும் அதில் கலந்திருக்கும். இத்தகைய கலவை மெதுவாக எரியும். அதற்கு மேலும் முன்கூட்டியே தீப்பொறி தேவை. தாமதமாகத் தந்தால், வெளியேற்று வால்வு திறக்கும்போதும் எரிதல் முடிந்திராது. பிஸ்டனைத் தள்ளியிருக்க வேண்டிய ஆற்றல் வெப்பமாக வெளியேற்று வழியில் பாய்கிறது. அவ்வழியைச் சூழ்ந்திருப்பது கூலண்ட் நீர். ஸ்மால் பிளாக் எஞ்சினில் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவிலுள்ள இரு சிலிண்டர்களின் வெளியேற்று வழிகள் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், சூடு அவ்விடத்தில் மேலும் குவியும்.

இந்தக் கூடுதல் முந்தலைத் தரவே டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் வெற்றிடக் குப்பி ஒன்று உள்ளது. எஞ்சினின் உறிஞ்சலால் அதன் சவ்வு இழுபட்டு, தீப்பொறி நேரத்தை முந்தச் செய்கிறது. உறிஞ்சலை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் வரலாறு குறுக்கிடுகிறது. கார்புரேட்டர் கதவுக்குக் கீழே, உட்செல் குழாயிலிருந்து எடுத்தால் வெற்றோட்டத்தில் முழு உறிஞ்சல் கிடைக்கும். கதவுக்குச் சற்று மேலே உள்ள துளையிலிருந்து எடுத்தால் வெற்றோட்டத்தில் உறிஞ்சல் இராது. கதவு திறந்த பின்னரே வரும். 1960களின் இறுதியிலும், 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்திற்குப் பின்னும், அமெரிக்காவில் புகை வெளியேற்ற விதிகள் கடுமையானபோது, இரண்டாவது முறை பல எஞ்சின்களில் கையாளப்பட்டது. வெற்றோட்டத்தில் தாமதமான தீப்பொறி வெளியேற்று வாயுவைச் சூடாக வைக்கும். எரியாமல் மீந்த ஐதரோகார்பன்கள் வெளியேற்றுக் குழாயிலேயே எரிந்துபோகும் என்பது அதன் நோக்கம். அந்நோக்கம் நிறைவேறியது. விலையாக எஞ்சின் நின்றபோது சூடேறியது.

இவ்விளைவைப் பொறியாளர்கள் அறிந்தே இருந்தனர் என்பதற்கு அக்கால எஞ்சின்களிலேயே சான்று உண்டு. பலவற்றின் கூலண்ட் வழியில் வெப்பத்தால் இயங்கும் வெற்றிட மாற்றி ஒன்று பொருத்தப்பட்டது. கூலண்ட் ஏறத்தாழ 104 பாகை செல்சியசை (220 பாகை பாரன்ஃகைட்) எட்டியதும் இது குப்பிக்கு முழு உறிஞ்சலைத் திறந்துவிடும். தீப்பொறி முந்தும், எஞ்சின் வேகம் கூடும், விசிறியும் பம்பும் விரைவாகும், வெப்பநிலை இறங்கும். பின்னாளில் இம்மாற்றி அடைபட்டோ, அதன் இரப்பர்க் குழல்கள் வெடித்தோ, வண்டியைக் கைமாற்றி வாங்கியவர்கள் இது எதற்கென்று தெரியாமல் கழற்றி எறிந்தோ போயிருப்பின், சூடேறுவது மட்டும் மிஞ்சும்.

சோதிக்கும் முறை வருமாறு. முதலில் வெற்றிடக் குழலைக் கழற்றி வாயை அடைத்து, வண்டியின் புகை விவர ஒட்டுத்தாளில் குறித்துள்ள அளவுக்கு அடிப்படை நேரத்தை ஒளிவீசும் டைமிங் விளக்கால் சரிபார்க்க வேண்டும். குப்பியின் சவ்வு கிழியாமல் உறிஞ்சலைப் பிடித்து வைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பின்னர் சோதனைக்காக மட்டும் குழலை உட்செல் குழாயின் முழு உறிஞ்சலில் இணைத்து, கூடிய வேகத்தைக் கார்புரேட்டர் திருகால் பழைய அளவுக்கே குறைத்து, கால் மணி நேரம் முள்ளைக் கவனிக்க வேண்டும். வேகத்தைக் குறைக்காமல் விட்டால் விசிறியும் விரைந்து சுழன்று சோதனையைக் குழப்பிவிடும். இப்போது வெப்பநிலை தெளிவாகக் குறைந்தால் காரணம் தீப்பொறி நேரமே. இம்மாற்றத்தை நிலையாக வைத்துக்கொள்வது எல்லா இடத்திலும் சட்டப்படி ஏற்கத்தக்கதன்று. எடுத்துக்காட்டாக, கலிபோர்னியாவில் 1975ஆம் மாதிரி ஆண்டும் அதற்கு முந்தியவையுமான பெட்ரோல் வண்டிகள் புகைச் சோதனையிலிருந்து விலக்குப் பெற்றவை. பிந்தியவற்றில் தொழிற்சாலை அமைப்பையே பழுதுநீக்கிச் சரிசெய்ய வேண்டும்.

இச்சோதனையில் ஒரு பொறி உண்டு. கிராங்க் தண்டின் முனையிலுள்ள அதிர்வுத் தணிப்பியில்தான் நேரக்கோடு வெட்டப்பட்டிருக்கிறது. இது உள்வளையம், இரப்பர், வெளிவளையம் என மூன்று அடுக்குகளாலானது. இரப்பர் மூப்படைந்தால் வெளிவளையம் நழுவி, கோடு தன் இடம் மாறிவிடும். விளக்கு சரியான எண்ணைக் காட்டும். தீப்பொறியோ உண்மையில் பத்துப் பாகை பிந்தியிருக்கும். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் நிறுத்தி ஒன்றைத் திருகி, எஞ்சினைக் கையால் இரு திசையிலும் சுழற்றி, பிஸ்டன் தட்டும் இரு இடங்களின் நடுப்புள்ளியைக் குறித்தால் உண்மையான உச்சி தெரியும். கோடு அங்கே இல்லையெனில் தணிப்பியை மாற்ற வேண்டும்.

கார்புரேட்டரின் அடிக்கட்டையில் காற்றுக் கசிவு இருந்தாலும் கலவை மேலும் மெலிந்து இதே விளைவைத் தரலாம். வெற்றோட்டம் சீரற்று நடுங்குவது அதன் துணை அறிகுறி.

நீரோட்டம்

வாட்டர் பம்ப் முற்றிலும் நின்றுபோனால் எந்த வேகத்திலும் எஞ்சின் சூடேறும் என்பதால், வெற்றோட்டத்தில் மட்டும் எழும் பழுதுக்கு அது அரிதாகவே காரணமாகிறது. விதிவிலக்கு, துருவால் சிறகுகள் தேய்ந்த பம்ப். தூய நீரை மட்டும் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இது நேர்கிறது. தளர்ந்த பெல்ட், எஞ்சினுக்குத் தேவையானதைவிடப் பெரிய கப்பி ஆகியவையும் குறைந்த வேகத்தில் நீரோட்டத்தைக் குன்றச் செய்யும்.

ரேடியேட்டரைச் சோதிக்க, சூடான நிலையில் அதன் முகப்பில் அகச்சிவப்பு வெப்பமானியைக் குறுக்கும் நெடுக்கும் நகர்த்த வேண்டும். நீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம்வரை வெப்பநிலை படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் திடீரென்று குளிர்ந்த திட்டுகள் இருந்தால் அக்குழாய்கள் அடைபட்டவை. வெளியே தகடுகளுக்கிடையே மண்ணும் பூச்சிகளும் படிந்திருப்பதும் காற்றை மறிக்கும். குளிர்சாதனக் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடைப்பட்ட வெளியில் சேரும் குப்பை வெளிப்பார்வைக்குத் தெரியாது.

பழைய எஞ்சின்களில் சிலிண்டர்களைச் சூழ்ந்த நீர்க்கூட்டின் அடியில் துருவும் வார்ப்பு மணலும் சேறாகப் படிந்திருக்கலாம். வடிகால் திருகைக் கழற்றியும் நீர் வரவில்லை எனில் இதுவே காரணம். கூலண்டை மாற்றிய பின் மட்டும் சூடேறத் தொடங்கிய வண்டியில் காற்றுக்குமிழ் சிக்கியிருக்கக்கூடும். வண்டியின் முன்புறத்தை உயர்த்தி நிறுத்தி, குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்து, எஞ்சினைத் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓடவிட்டால் அது வெளியேறும்.

எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய பிறகு தொடங்கிய சூடேற்றம் தனியாக ஆராயத்தக்கது. செவ்ரோலே அல்லாத வண்டிகளில் இதற்கு நன்கறியப்பட்ட இரு எடுத்துக்காட்டுகள் உள்ளன. ஃபோர்டு நிறுவனத்தின் வின்ட்சர் வகை வி8 எஞ்சின்களின் ஹெட் கேஸ்கட்டை முன்பின்னாகப் பூட்டினால், பின்முனையில் திறந்திருக்க வேண்டிய நீர்வழி மூடப்பட்டுவிடும். அதே நிறுவனத்தின் 351எம், 400 எஞ்சின்களுக்கு, திறக்கும்போது சுற்றுவழியை மூடும் தொப்பி உடைய தனி வகைத் தெர்மோஸ்டாட் தேவை. தோற்றத்தில் ஒத்த சாதாரண தெர்மோஸ்டாட்டைப் பொருத்தினால், சூடான நீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பும்.

ஹெட் கேஸ்கட் கசிவு

எரிவாயு கூலண்டுக்குள் கசிந்தால் வெற்றோட்டத்திலும் சூடேறலாம். ரேடியேட்டர் வாயில் பொருத்தும் ஒரு குழாயில் நீலநிறச் சோதனைத் திரவத்தை ஊற்றி, மேலெழும் வாயுவை அதனூடே செலுத்தினால், கரியமில வாயு இருப்பின் திரவம் மஞ்சளாக மாறும். குளிர்ந்த எஞ்சினை இயக்கிய ஓரிரு நிமிடங்களிலேயே, நீர் இன்னும் சூடேறாதபோது, மேற்குழாய் கல்போல் இறுகுவதும் இதற்கு அறிகுறி. இப்பழுது உறுதியானால் வண்டியை ஓட்டலாகாது. சூடேறிய எஞ்சினை மேலும் ஓட்டும்போது சிலிண்டர் தலை வளைந்தோ வெடித்தோ போவதுண்டு.

பயன்தராத மாற்றங்கள்

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவது வெப்ப நாடுகளிலும் பரவலாகக் கையாளப்படும் வழியாகும். வெற்றோட்டச் சூடேற்றத்திற்கு இது தீர்வன்று. தெர்மோஸ்டாட் எஞ்சினின் மிகக் குறைந்த வெப்பநிலையைத்தான் தீர்மானிக்கிறது, உச்சத்தை அன்று. 110 பாகையில் இருக்கும் எஞ்சினில் அது ஏற்கெனவே முழுதும் திறந்தே இருக்கும். 91 பாகைக்குப் பதிலாக 82 பாகையில் திறக்கும் ஒன்றைப் பொருத்தினால், சூடேறுவது சில நிமிடம் தள்ளிப்போகும், அவ்வளவே. தெர்மோஸ்டாட் திறக்கவே இல்லை என்ற ஐயம் இருந்தால், அதைக் கழற்றி நீர்ப் பாத்திரத்தில் வெப்பமானியோடு சூடாக்கிப் பார்த்து, பழுதாயின் புதியதை இடுவதே முறை.

விசிறிக் கிளட்சை எடுத்துவிட்டு விசிறியை நேரடியாகப் பூட்டுவோர் உளர். வெற்றோட்டத்தில் இது உண்மையிலேயே குளிர்விக்கும். ஆயினும் உயர்வேகத்தில், அதற்கென வடிவமைக்கப்படாத விசிறியின் இலைகள் முறிந்து தெறிக்கக்கூடும் என்பதால், அத்தகைய பூட்டுக்கு உரிய விசிறியையே பயன்படுத்த வேண்டும்.

டீசல் சுமையுந்துகள்

சி/கே வரிசையிலேயே 1982ஆம் மாதிரி ஆண்டு முதல் 6.2 லிட்டர் டீசல் எஞ்சினும் கிடைத்தது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சுமையுந்து என்றால் பெரும்பாலும் டீசல் வண்டியே என்பதால், வேறுபாட்டைக் குறிப்பிடுவது தகும். டீசல் எஞ்சினில் உள்வரும் காற்று பெட்ரோல் எஞ்சினில் போல் அடைக்கப்படுவதில்லை. வெற்றோட்டத்தில் மிகச் சிறிதளவு எரிபொருள் மிகுதியான காற்றில் எரிவதால், எழும் வெப்பம் குறைவு. குளிர்காலத்தில் நின்ற நிலையில் டீசல் எஞ்சின் போதிய சூடு பெறாமல் இருப்பதே வழக்கமான குறை. தீப்பொறியும் வெற்றிடக் குப்பியும் அதில் இல்லை. ஆகவே டீசல் சுமையுந்து ஒன்று வெற்றோட்டத்தில் சூடேறுமாயின், முதலில் கூலண்ட் அளவையும் உணரியையும் பார்த்து, அவை சரியாக இருப்பின், ஹெட் கேஸ்கட் கசிவைப் பெட்ரோல் வண்டியில் விட முன்னதாகவே ஐயுற வேண்டும்.